வெங்காய வேரில் செல் பிரிவதைப் பார்ப்பது எப்படி? நான்கு படத்தை மறந்துவிட்டு ஆரம்பியுங்கள்

பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் மைட்டாசிஸ், அதாவது ஒரு செல் இரண்டாகப் பிரிவதன் படம் வரையச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்கள். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், பென்சிலில் அழகாகப் பாகங்கள் குறித்து. "சரி, இந்த நான்கில் எது ரொம்ப நேரம் எடுக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும். நானும் அந்த அமைதியில் உட்கார்ந்திருந்தவன்தான். நான்கு படமும் ஒரே அளவில் இருந்ததால் நான்கும் ஒரே நேரம் எடுக்கும் என்று கல்லூரி இரண்டாம் வருடம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். அதைத் தெளிய வைத்தது ஒரு வெங்காயம். அதை எப்படிச் செய்வது, எங்கெல்லாம் சொதப்பும், பார்த்ததை எப்படிப் படிப்பது என்றுதான் இதில் எழுதுகிறேன்.

முதலில் தேவை: 40எக்ஸ் (40 மடங்கு பெரிதாக்கும்) லென்ஸ் உள்ள மைக்ரோஸ்கோப். வேறு வழி இல்லை. அமிலமும் சாயமும் வேண்டும் என்பதால் பள்ளி லேபிலேயே, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்வதுதான் புத்திசாலித்தனம். வீட்டில் செய்யக்கூடியது வேர் வளர்ப்பது மட்டும்.

வெங்காயம் ஏன் என்றால், விலை மலிவு என்பது பாதிக் காரணம்தான். அதன் குரோமோசோம்கள் (டி.என்.ஏ. சுருண்டு அடங்கியிருக்கும் நூல்கள்) பெரியவை, எண்ணிக்கையோ குறைவு, 16 மட்டுமே. மனிதனுக்கு 46 என்று தெரியும், ஆனால் வெங்காயத்தின் ஒரு தொகுதி டி.என்.ஏ. நம்முடையதைப் போல ஐந்து மடங்கு நீளம். அவ்வளவு சரக்கை எட்டு ஜோடிக்குள் அடைத்து வைத்திருப்பதால் சாதாரண லேப் மைக்ரோஸ்கோப்பிலேயே தடித்தடியாகத் தெரிகிறது. பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம் இரண்டிலும் 16தான். பூண்டிலும் 16தான், வெங்காயம் விலை ஏறிய மாதத்தில் நாங்கள் பூண்டை வைத்து ஒப்பேற்றியிருக்கிறோம்.

வேர் வளர்க்க: அடியில் இருக்கும் பழைய காய்ந்த வேர்களைப் பிளேடால் மெல்லச் சுரண்டிவிடுங்கள், அடித்தட்டையே வெட்டி எடுத்துவிடாதீர்கள், புது வேர் அதிலிருந்துதான் வரும். வெங்காயத்தின் இடுப்பில் மூன்று ஈர்க்குச்சிகளைக் குத்தி டம்ளர் விளிம்பில் உட்காரவையுங்கள். தண்ணீர் அடித்தட்டைத் தொட்டால் போதும், பாதி வெங்காயம் மூழ்கினால் அழுகி, வீடே நாறும், அம்மாவிடம் திட்டு உறுதி. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை இருந்தால் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள், தினமும் மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் வெள்ளையாக வேர் வரும். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் ஆனதும் தயார். நுனி பழுப்பேறியிருந்தாலோ வழவழப்பாக இருந்தாலோ அந்த வேர் வேண்டாம்.

நான் முதல் முறை கெடுத்தது அடுத்த இடத்தில்தான். வேர் முழுதும் வளர்கிறது, எங்கே வெட்டினாலும் செல் பிரிந்துகொண்டிருக்கும் என்று நினைத்து நடுவில் ஒரு துண்டை எடுத்துச் சாயம் போட்டு நசுக்கி, மத்தியானம் முழுதும் லென்ஸில் கண் வைத்தேன். செங்கல் அடுக்கியது போல நீள நீளச் செல்கள், ஒன்றுகூடப் பிரியவில்லை. லேபில் உதவியாளராக இருந்த அண்ணன் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, கொழுந்தை விட்டுட்டு தண்டைக் கிள்ளியிருக்கே" என்றார். அதற்கு மேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. வேரின் கடைசி முனையில் ஒரு தொப்பி மாதிரி வேர்மூடி. அதை ஒட்டி உள்ளே ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் ஆக்கத்திசு, பிரிவதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். அதற்கு மேலே இருப்பவை பிரிவதை நிறுத்திவிட்டு நீள்வதில் மட்டும் கவனமாக இருக்கும் செல்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், நுனி கொஞ்சம் அடர்வெள்ளையாகவும் அதற்கு மேலே கண்ணாடி போலவும் தெரியும். அந்த அடர்வெள்ளைதான் உங்களுக்கு வேண்டியது. ஆனால் இப்போதே அதை மட்டும் வெட்டினால் தொலைந்துபோகும், ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். காலையில் வெட்டுவது எங்கள் லேப் வழக்கம், எனக்கும் காலை வேர்களே நல்ல ஸ்லைடு தந்தன.

வெட்டிய உடனே, நான்கைந்து நொடி கூடத் தாமதிக்காமல், நிலைநிறுத்தும் திரவத்தில் போட வேண்டும். எத்தனால் மூன்று பங்கு, கிளேசியல் அசெட்டிக் அமிலம் ஒரு பங்கு, அன்றன்றைக்குப் புதிதாகக் கலப்பது. சின்ன வயதில் "ஸ்டாச்சூ" என்று கத்தினால் ஓடுகிறவன் ஓடுகிற நிலையிலேயே நிற்பானே, அதே விளையாட்டுதான் இது. பிரியத் தொடங்கிய செல் தொடங்கிய நிலையில், பாதி பிரிந்தது பாதியில், அப்படியே உறைந்துவிடும். ஒரு ராத்திரி ஊறட்டும். மறுநாள் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும்.

ஆக நீங்கள் பார்க்கப்போவது உயிரோடு பிரியும் செல் அல்ல, ஆயிரக்கணக்கான சிலைகள். எது முன்னால், எது பின்னால் என்பதை நாம்தான் வரிசைப்படுத்த வேண்டும். ஜெர்மனியின் கீல் நகரில் வால்தர் ஃபிளெமிங் இதைத்தான் சாலமாண்டர் என்ற பல்லி போன்ற நீர்நில உயிரியின் லார்வாக்களின் செல்களை வைத்துச் செய்தார், சாயமேற்றிய செத்த செல்களையும் உயிருள்ள செல்களையும் மாற்றி மாற்றிப் பார்த்து வரிசையைச் சரிபார்த்தார். நூல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து மைட்டாசிஸ் என்று 1882-ல் பெயர் வைத்தவரும் அவரே. ஸ்லைடைப் பார்த்த பிறகு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று புரியும்.

சாயம் அசெட்டோகார்மைன். இதில் உள்ள கார்மைன் சப்பாத்திக்கள்ளியில் வாழும் காச்சினீல் என்ற பூச்சியிலிருந்து வருவது. இதற்கு ஒரு சென்னைக் கதை கூட உண்டு: 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சாய வியாபாரம் ஸ்பெயின்காரர்கள் கையில் இருந்தது, அதில் பங்கு கேட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். கடைசியில் வந்து சேர்ந்தது தரம் குறைந்த வேறு வகைப் பூச்சி, திட்டம் படுத்துவிட்டது. சரி, வேருக்கு வருவோம்.

ஒரு வாட்ச் கிளாஸில் (குழிவான சின்னக் கண்ணாடித் தட்டு) அசெட்டோகார்மைன் ஒன்பது சொட்டு, ஒரு நார்மல் (1N என்ற செறிவு) ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. வேரைத் தண்ணீரில் அலசி இதில் போட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேலே காட்டிக் காட்டி எடுங்கள், ஆவி லேசாக வந்தால் போதும், கொதிக்கவே கூடாது. ஐந்து பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். அமிலம் எதற்கு என்றால், செல்களுக்கு நடுவில் பெக்டின் என்ற பசை இருக்கிறது, அதைக் கரைத்தால்தான் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். (அடர் அமிலத்திலிருந்து ஒரு நார்மல் தயாரிக்க 100 மில்லிக்கு 8.3 மில்லி, எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.) நுனி கருஞ்சிவப்பாகவும் மீதி வெளிறியும் தெரிந்தால் சாயம் ஏறிவிட்டது.

இப்போது ஸ்லைடில் வைத்து, அந்தக் கருஞ்சிவப்பு நுனியில் ஒன்றரை மில்லிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடுங்கள். மனசு வராது, நிறைய இருந்தால் நிறையத் தெரியும் என்று தோன்றும், தெரியாது, நீளச் செல்கள்தான் வந்து மறைக்கும். 45 சதவீத அசெட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, கவர்ஸ்லிப்பை ஒரு பக்கம் சாய்த்து மெல்ல இறக்குங்கள், காற்றுக்குமிழி மாட்டக்கூடாது. மேலே ஃபில்டர் பேப்பரை மடித்து வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் நான்கைந்து தட்டு, பிறகு கட்டைவிரலால் நேராகக் கீழ்நோக்கி ஒரே அழுத்து. விரல் பக்கவாட்டில் வழுக்கினால் செல்கள் சுருண்டு கயிறு கயிறாகிவிடும், ஸ்லைடு போச்சு. கவர்ஸ்லிப் உடையும். எனக்கு முதல் நாளில் மூன்று உடைந்தது, உங்களுக்கு எத்தனை என்று பார்ப்போம்.

10எக்ஸில் தேடுங்கள், நேராக 40எக்ஸுக்குப் போகாதீர்கள். சதுரமான, சின்னச் சின்னச் செல்கள், ஒவ்வொன்றின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய உட்கரு, இப்படி ஓர் இடம் கிடைத்தால் அதுதான் ஆக்கத்திசு. அங்கே நிறுத்தி 40எக்ஸ் மாற்றுங்கள்.

முதலில் கண்ணில் படுவது ஏமாற்றம். பெரும்பாலான செல்களில் ஒன்றுமே நடக்கவில்லை, வட்டமான உட்கரு, உள்ளே ஒன்றிரண்டு உட்கருமணிகள், அவ்வளவுதான். இதுதான் இடைநிலை. பழைய நோட்ஸ்களில் இதை ஓய்வு நிலை என்று எழுதியிருப்பார்கள், அது சுத்தத் தப்பு. செல் வளர்வதும், டி.என்.ஏ.வைப் பிரதி எடுப்பதும், பிரிவதற்குச் சாமான் சேர்ப்பதும் இங்கேதான். கல்யாணம் ஒரு முகூர்த்தத்தில் முடிந்துவிடும், பந்தக்கால் நடுவதிலிருந்து மளிகை வாங்குவது வரை எத்தனை நாள் ஆகிறது? அது மாதிரி.

பிரதி எடுப்பது இந்தச் சாயத்தில் தெரியாது. தெரியாததை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் அதுவும் ஒரு வேர் நுனிதான். ஆல்மா ஹோவர்ட், ஸ்டீபன் பெல்க் என்ற இருவரும் லண்டனில் ஃபாபா பீன்ஸ் வேர்களுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொடுத்து, நசுக்கிய வேரின் மேல் போட்டோ ஃபிலிமைப் பதித்து வைத்தார்கள். புதிதாக டி.என்.ஏ. செய்த செல்லின் மேல் மட்டும் ஃபிலிமில் கரும்புள்ளி விழும். 1953-ல் அவர்கள் சொன்னது இது: இடைநிலை முழுதும் டி.என்.ஏ. தயாராவதில்லை, நடுவில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் மட்டும்தான். அந்தக் காலம் எஸ். அதற்கு முன்னால் ஓர் இடைவெளி ஜி1, பின்னால் ஓர் இடைவெளி ஜி2. ஜி என்பதற்கே இடைவெளி என்றுதான் பொருள், ஏதோ பெரிய விஷயத்தின் சுருக்கம் என்று பயப்பட வேண்டாம். பிரியும் கட்டம் எம். ஜி1, எஸ், ஜி2, எம், மறுபடி ஜி1, இதுதான் செல் சுழற்சி. ஜி1-லிருந்து விலகிப்போய் இனிப் பிரிய வேண்டாம் என்று உட்கார்ந்துவிடும் செல்களை ஜி0 என்பார்கள், நம் நரம்புச் செல்களில் பெரும்பாலானவை அப்படி.

ஏமாற்றம் தாண்டி ஸ்லைடை நகர்த்திக்கொண்டே போங்கள். ஓர் உட்கரு மட்டும் பக்கத்து உட்கருவைவிடக் கரடுமுரடாக, நூல்கண்டைக் கலைத்துப் போட்டது போலத் தெரியும். உட்கருமணி மங்கியிருக்கும் அல்லது காணோம். புரோஃபேஸ். ஆரம்ப புரோஃபேஸா, இடைநிலையா என்று சந்தேகம் வரும், எல்லோருக்கும் வரும், ஆசிரியருக்கும் வரும். நூல் தனித்தனியாகத் தெரிந்தால்தான் புரோஃபேஸ் என்று ஒரு விதி வைத்துக்கொண்டு கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

மெட்டாஃபேஸில் உட்கரு உறை இருக்காது, குரோமோசோம்கள் செல்லின் குறுக்கே ஒரு பட்டையாக அடுக்கி நிற்கும். இங்கே ஒரு வம்பு இருக்கிறது. புத்தகத்தில் எப்போதும் பக்கவாட்டிலிருந்துதான் வரைவார்கள். ஆனால் நீங்கள் நசுக்கிய செல் எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்று யார் கண்டது? மேலிருந்து பார்த்தால் அதே மெட்டாஃபேஸ் ஒரு வளையம் போலவோ கைகள் நீட்டிய நட்சத்திரம் போலவோ தெரியும். நான் அதைக் "கெட்டுப்போன செல்" என்று எழுதி ரெக்கார்டில் சிவப்பு மை வாங்கினேன். குரோமோசோமை எண்ணுவதற்கு உண்மையில் அந்தக் கோணம்தான் நல்லது.

அனாஃபேஸ் கிடைத்தால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இரண்டு கூட்டம் எதிரெதிர்த் திசையில் போகும், ஒவ்வொரு குரோமோசோமும் நடுவில் பிடித்து இழுத்த மாதிரி, கைகள் இரண்டும் பின்னால் இழுபட. பிடித்து இழுப்பது கதிர்கோல் இழை, பிடிக்கும் இடம் சென்ட்ரோமியர். இந்தச் சாயத்தில் இழை தெரியாது, அதனால் தெரியாத இழையை ரெக்கார்டில் வரையாதீர்கள். டீலோஃபேஸில் இரண்டு முனையிலும் இரண்டு சின்னக் குவியல், நடுவில் மெல்லிய கோடு. அதுதான் செல் தட்டு. விலங்குச் செல்லாக இருந்தால் இடுப்பில் கயிறு கட்டி இறுக்கியதுபோல வெளியிலிருந்து உள்ளே ஒடுங்கும். தாவரச் செல்லுக்குச் சுவர் இருக்கிறதே, ஒடுங்க முடியாது, அதனால் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகச் சுவர் எழுப்பிக்கொண்டு போகிறது.

தேர்வில் அடிக்கடி மாட்டிவிடும் கேள்வி: எஸ் முடிந்து டி.என்.ஏ. இரட்டிப்பானதும் வெங்காயச் செல்லில் எத்தனை குரோமோசோம்? 32 என்று எழுதினால் போச்சு, 16தான். வாழைச் சீப்பில் இரண்டு பழம் ஒட்டிய இரட்டைப் பழம் வருமே, கடைக்காரர் அதை ஒன்றாகத்தானே எண்ணுவார்? அதே கணக்கு. பிரதி எடுத்த இரண்டு இழையும் (இவைதான் குரோமாட்டிட்) சென்ட்ரோமியரில் ஒட்டியிருக்கும் வரை ஒன்று, அனாஃபேஸில் பிரிந்த கணம் முதல் இரண்டு. அதனால் அனாஃபேஸில் மட்டும் ஒரே செல்லுக்குள் 32 இருக்கும், அப்புறம் ஆளுக்கு 16.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம், எது ரொம்ப நேரம்? எண்ண வேண்டும். கல்யாணப் பந்தியை மேலிருந்து ஒரு போட்டோ எடுத்தால் சாப்பிடுகிறவர்கள் நூறு பேர், கை கழுவுகிறவர்கள் ஆறு பேர் இருப்பார்கள், ஏனென்றால் சாப்பிட நேரமாகும், கை கழுவ ஆகாது. ஸ்லைடும் அப்படி ஒரு போட்டோதான். ஒரே செல்லை இரண்டு முறை எண்ணாமல், வரிசையாக நகர்த்தி 500 செல்லாவது எண்ணுங்கள், "நல்லதாக" தெரிகிற இடத்தை மட்டும் பொறுக்காதீர்கள்.

கணக்குக்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்: 500-ல் இடைநிலை 450, புரோஃபேஸ் 30, மெட்டாஃபேஸ் 8, அனாஃபேஸ் 5, டீலோஃபேஸ் 7. பிரிந்துகொண்டிருப்பவை 50, அதாவது 10 சதவீதம், இதற்கு மைட்டாட்டிக் குறியீடு என்று பெயர். முழுச் சுழற்சி 20 மணி நேரம், அதாவது 1200 நிமிடம் என்று கொண்டால், புரோஃபேஸ் 72 நிமிடம், மெட்டாஃபேஸ் 19, அனாஃபேஸ் வெறும் 12, டீலோஃபேஸ் 17, மீதி 18 மணி நேரமும் இடைநிலை. உங்கள் எண்ணிக்கை வேறாக வரும், வெயில் காலத்தில் சுழற்சி வேகமாக ஓடும், குளிரில் மெதுவாகும். தோராயக் கணக்குதான் இது, நுனியில் இருக்கும் எல்லாச் செல்லும் சுழற்சியில் இருப்பதில்லை. ஆனால் வரிசை பெரிதாக மாறாது. அனாஃபேஸ் கிடைக்கவில்லையே என்று லேபில் அழுகிறவர்கள் இதை ஒரு தடவை போட்டுப் பார்த்தால் அழ மாட்டார்கள்.

குரோமோசோமைத் தெளிவாக எண்ண வேண்டும் என்றால் ஆராய்ச்சி லேப்களில் கால்ச்சிசின் பயன்படுத்துவார்கள். கதிர்கோல் உருவாகாமல் தடுத்துவிடும், செல் மெட்டாஃபேஸிலேயே நின்றுபோகும், குரோமோசோம்கள் சிதறிக் கிடக்கும், எண்ணுவது சுலபம். நம் மாநில மலர் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் அதே விஷம்தான். கிழங்கைத் தோண்டி நாமே செய்து பார்ப்போம் என்று யாரும் கிளம்பாதீர்கள், உயிரே போகும். ஸ்வீடனின் லுண்டில் ஆல்பர்ட் லெவன் 1930-களில் வெங்காய வேருக்குக் கால்ச்சிசின் கொடுத்து ஆராய்ந்தவர். அவருடைய லேபில்தான் ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ, 1955 டிசம்பரில், அதே கால்ச்சிசினும் அதே நசுக்கும் உத்தியும் வைத்து மனிதச் செல்லின் குரோமோசோம்களை எண்ணினார். அதுவரை முப்பது வருடத்துக்கு மேலாக எல்லாப் புத்தகத்திலும் 48. அவருக்கு வந்தது 46. தாவரக்காரர்கள் வேரில் பழகிய கைதான் மனிதனின் கணக்கையும் திருத்தியது, பாட்டனி எடுத்தவன் என்ற முறையில் இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

சொதப்பினால் எங்கே பார்ப்பது: செல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தால் அமிலத்தில் ஊறியது போதவில்லை. எல்லாம் ஒரே சிவப்பு என்றால் சாயம் அதிகம், கவர்ஸ்லிப்பின் ஓரத்தில் 45 சதவீத அசெட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு எதிர்ப்பக்கம் ஃபில்டர் பேப்பரால் உறிஞ்சுங்கள். உட்கரு வெளிறியிருந்தால் ஸ்லைடையே விளக்கின் மேல் ஒரு முறை காட்டி எடுங்கள், நிறம் ஏறும். நுனியையே வெட்டியும் பிரியும் செல் ஒன்றுகூட இல்லை என்றால் வேர் கிழடு தட்டியிருக்கும், புது வெங்காயம் வையுங்கள். குன்றல் பகுப்பையும் (மியோசிஸ், குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகக் குறையும் பிரிவு) இதிலேயே பார்க்கலாமா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள், முடியாது, அதற்கு இளம் பூமொட்டின் மகரந்தப்பை வேண்டும்.

நல்ல ஸ்லைடு அமைந்துவிட்டால் கவர்ஸ்லிப்பைச் சுற்றி நெயில் பாலிஷ் பூசுங்கள், சில நாள் காயாமல் இருக்கும். தங்கையிடம் கேட்டுவிட்டு எடுங்கள், நான் கேட்காமல் எடுத்தேன்.